மீட்புத் தேதி

அம்பாசமுத்திரம் கூட்டுறவு வங்கி,
நகைக்கடன் பிரிவு, இரண்டாவது கண்ணாடி.
உரைகல்லில் கம்மலைத் தேய்க்கிறேன்.
கம்மலின் சொந்தக்காரி உலகம்மா
கண்ணாலேயே என் கன்னத்தைத் தேய்க்கிறாள்.
"என்னட்டி இது, மூஞ்சி பூரா
வெங்காயத் தொலி மாதிரி உரியுது?"
"மருந்துக்கா."
"மருந்து போட்டா ஆறணும்லா?"

ஆறும். முதலில் உரியும்.
முகம் கழுவி, ஈரம் காய இருபது நிமிடம்,
பிறகு பட்டாணி அளவு, ராத்திரியில் மட்டும்.
வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் மருந்து;
பூசிய தோலும் வெயிலைக் கண்டால் கோபித்துக்கொள்ளும்.
காலையில் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து கிழக்கே வேலைக்கு,
சாயங்காலம் மேற்கே வீட்டுக்கு.
இரண்டு நேரமும் சூரியன் எதிரேதான்.
பஸ்ஸில் எனக்கு நிழல் பக்கமே கிடையாது.

வண்ணார்பேட்டையில் டாக்டர் ரெஜினா
சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார்,
ஒரு வட்டம், அதற்குள் ஒரு சின்ன வட்டம்.
"பப்பாளியில், முருங்கைக்கீரையில் கிடைக்கிற வைட்டமின் ஏ
இருக்கில்லையா, அதுக்குப் பேரப்பிள்ளை இந்த அமிலம்.
செல்லுக்குள் போய், உட்கருவுக்குள்ளும் போய்
ஒரு ஏற்பியைப் பிடிக்கும்.
அது தனியாக ஒன்றும் செய்யாது, இன்னொன்று சேரணும்.
இரண்டும் ஜோடியாக மரபணு மேல் உட்கார்ந்தால்தான்
எதைத் திறக்கணும், எதை மூடணும்னு உத்தரவு போகும்."

எனக்கு லாக்கர் அறை நினைவுக்கு வந்தது.
வாடிக்கையாளர் சாவி ஒன்று, வங்கிச் சாவி ஒன்று.
வங்கிச் சாவியை மட்டும் போட்டுத் திருகினால்
இரும்பு இரும்பாகவே இருக்கும்.

துளை வாயில் அடைத்துக்கிடந்த செத்த தொலி
பிரிந்து உதிர்ந்தது. அடியிலிருந்து புதுசு
அவசரமாய் மேலே ஏறியது.
பதினான்கு வாரத்தில் நெற்றி அடங்கிற்று.
தாடை அடங்கவில்லை.

அடுத்தது மாத்திரை,
எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடுமாம்.
பெட்டியில் வயிறு பெருத்த ஒரு பெண் படம்,
குறுக்கே சிவப்புக் கோடு.
"கருவில் காது எங்கே, உதடு எங்கே,
இதயச் சுவர் எங்கேன்னு சொல்வதும் இதே அமிலம்தான்.
அங்கே அது அளந்து பேசும்.
நீங்க விழுங்கப்போறது கூச்சல்.
பிள்ளை எதைக் கேட்கும்?"

சொரிமுத்து தம்மாமில். வருஷத்துக்கு நாற்பது நாள் லீவு.
கல்யாணமாகி மூன்று வருஷம்,
அதாவது நூற்றிருபது நாள்.
கழிப்பறைக்குப் போய்த் திரும்பினேன். ஒரு கோடு.
டாக்டருக்கு நிம்மதி.
எனக்கு என்னவென்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆறு மாதம் மாத்திரை, நிறுத்தி ஒரு மாதம் காவல்.
வட்டிக் கணக்குத் தாளில் போட்டுப் பார்த்தேன்.
ஐப்பசி ஒன்று ஆரம்பம், பங்குனியோடு தீரும்,
சித்திரை பூராவும் பொறுக்கணும்,
வைகாசி ஒன்று மீட்பு.
அவன் டிக்கெட் சித்திரை பத்து.

சோற்றோடு, கொஞ்சம் நெய்யோடு விழுங்குகிறேன்.
வெறும் வயிற்றில் பாதி வீணாகும்.
உதடு கோடையில் குளத்து வண்டலாய் வெடிக்கிறது.
ரத்ததான முகாமுக்கு மேனேஜர் கூப்பிட்டார்.
கூடாது சார், என்றேன்.
யாராவது கர்ப்பிணிக்கு ஏத்திருவாங்க.
அன்றிலிருந்து அவர் கோப்பைக்கூடத்
தள்ளி நின்றே நீட்டுகிறார்.

நேற்று வீடியோவில் சொரிமுத்து,
"ஏட்டி, தாடையெல்லாம் சுத்தமாயிட்டே."
"டிக்கெட்ட வைகாசிக்கு மாத்த முடியுமா?"
"ஏன், மூஞ்சி இன்னும் ரெடியாவலியா?"
"இது ஆயிட்டு.
இன்னொரு மூஞ்சிக்குத்தான் நாள் கேக்கேன்."

தம்மாமில் சத்தமே இல்லை.
லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.
இருந்தது.